வாசகர் கேள்வி – பதில்: பெண்ணியத்தின் பார்வையில் விலங்கும் சூழலும்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்கு விடையளிக்கும்போது, பெண்ணியத்துக்கு மனிதர்களைப் பற்றி மட்டுமின்றி விலங்குகளையும் காடு, நீர், மண் ஆகியவற்றையும் பற்றிய பார்வை உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. சில கோபமானவை, சில உண்மையான குழப்பத்தோடு எழுதப்பட்டவை. அவற்றுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் கேள்விகளைத் தேர்ந்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சம்பளம், பாதுகாப்பு, சொத்துரிமை என்று பெண்களுக்குத் தீராத பிரச்சினைகள் எத்தனையோ இருக்கும்போது, பெண்ணியம் ஏன் மாட்டையும் மரத்தையும் பற்றிப் பேச வேண்டும்? இது கவனத்தைச் சிதறடிக்காதா?

பதில்: இந்தத் தொடர்பைப் பெண்ணியவாதிகள் கற்பித்துக்கொள்ளவில்லை. பெண்களைத் தாழ்த்தி வைத்தவர்களே அதை முதலில் ஏற்படுத்தினார்கள். அரிஸ்டாட்டில் தமது ‘அரசியல்’ நூலின் முதற்பகுதியில், உயிர் உடலை ஆள்வது, மனிதன் விலங்கை ஆள்வது, ஆண் பெண்ணை ஆள்வது, ஆண்டான் அடிமையை ஆள்வது ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து, அனைத்துக்கும் ஒரே நியாயத்தைச் சொல்கிறார். அறிவு மிக்கது ஆள வேண்டும், அறிவு குறைந்தது அடங்கியிருப்பதே அதற்கு நன்மை என்பது அந்த நியாயம். அடிமையும் வீட்டு விலங்கும் உடலால் நமக்கு உதவுவதில் பெரிய வேறுபாடு இல்லை என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்களுள் ஒருவர் மட்டும் தம் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, மற்றவர்களைக் கட்டியது சரிதான் என்று ஒப்புக்கொண்டால், அந்தக் கயிறு மீண்டும் யார் கழுத்துக்கு வரும் என்பது அவிழ்த்துக்கொண்டவர் கையில் இல்லை.

1792 ஆம் ஆண்டில் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் பெண்களின் உரிமையை வலியுறுத்தி நூல் எழுதியபோது, தாமஸ் டெய்லர் என்ற தத்துவ அறிஞர் தம் பெயரைப் போடாமல், விலங்குகளின் உரிமைக்கு வாதாடுவது போல ஒரு கேலி நூலை அதே ஆண்டில் வெளியிட்டார். பெண்ணுக்கு உரிமை என்று தொடங்கினால் நாளை நாய்க்கும் பூனைக்கும் உரிமை கேட்பார்கள் என்பதுதான் அந்தக் கேலியின் சாரம். பெண்ணின் கோரிக்கையை மறுக்க விலங்கின் இழிநிலையே போதுமான வாதமாக அன்று கருதப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிரான்சுவாஸ் தோபோன் 1974 ஆம் ஆண்டில் ‘சூழலியல் பெண்ணியம்’ என்ற சொல்லை உருவாக்கிய பின் இந்தச் சிந்தனை பல கிளைகளாக வளர்ந்தது. அவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் வால் பிளம்வுட் விளக்கிய ஒரு கருத்து. ஆதிக்கம் செலுத்துபவர், தாம் யாரைச் சார்ந்து வாழ்கிறாரோ அவரைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு, அந்தச் சார்பையே மறுத்துவிடுகிறார் என்பது அவர் கண்டது. சமைத்துப் போட்டு, துணி துவைத்து, நோயில் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்பின்மேல் நின்றுகொண்டு, ‘என் சொந்த முயற்சியால் உயர்ந்தேன்’ என்று ஒருவர் சொல்ல முடிவதும், மழையும் மண்ணும் தேனீயும் செய்து தரும் வேலையின்மேல் நின்றுகொண்டு ஒரு பொருளாதாரம் தன் வளர்ச்சியைத் தானே பாராட்டிக்கொள்வதும் ஒரே மனப்பழக்கத்தின் இரண்டு முகங்கள்.

இதைக் கணக்குப் புத்தகத்திலேயே காட்டியவர் நியூசிலாந்தின் மேரிலின் வேரிங். இருபத்து மூன்று வயதில், 1975 ஆம் ஆண்டில், நாடாளுமன்ற உறுப்பினரான அவர், நாடுகளின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் சர்வதேச முறையை ஆராய்ந்து 1988 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வீட்டில் ஊதியமின்றி நடக்கும் சமையலும் பிள்ளை வளர்ப்பும் அந்தக் கணக்கில் இல்லை. வெட்டப்படாமல் நிற்கும் காடும் கெடாமல் ஓடும் ஆறும் அதில் இல்லை. காட்டை வெட்டி விற்றால் கணக்கில் ஏறும். எண்ணெய்க் கப்பல் உடைந்து கடல் பாழானால், அதைத் துப்புரவு செய்யும் செலவும் உற்பத்தியாகவே கூடும். சம்பளத்தையும் சொத்தையும் பற்றிக் கேட்கிறீர்கள். பெண்ணின் உழைப்புக்கு ஏன் விலையில்லை என்ற கேள்வியைக் கடைசிவரை தொடர்ந்து சென்றால், ஆற்றுக்கு ஏன் விலையில்லை என்ற இடத்தில்தான் அது போய் நிற்கும். ஆகவே இதில் கவனம் சிதறுவதாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: நான் ஒரு பொறியாளர். ‘இயற்கை அன்னை’, ‘பெண்ணே பூமி’ என்றெல்லாம் கேட்கும்போது எரிச்சல் வருகிறது. பெண்கள் இயல்பிலேயே இயற்கைக்கு நெருக்கமானவர்கள் என்பதுதான் சூழலியல் பெண்ணியம் என்றால், எனக்கு அது வேண்டாம்.

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. அதைக் கைவிட வேண்டாம். சூழலியல் பெண்ணியத்துக்குள் அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள், அதை மிகக் கடுமையாக மறுத்தவர்களும் இருந்தார்கள். மறுத்தவர்கள் பக்கம் நிற்பவள் நான்.

மானிடவியலாளர் ஷெரி ஆர்ட்னர் 1972 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், பெண்ணை இயற்கையோடும் ஆணைப் பண்பாட்டோடும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பிள்ளை பெறும் உடலைக் காரணம் காட்டி, பெண்ணுக்கென்று சில வேலைகளை ஒதுக்கிவிட்டு, பிறகு அந்த வேலைகளையே அவளுடைய இயல்பு என்று சொல்லும் சுழற்சியை அவர் எடுத்துக்காட்டினார். அப்படியானால் அந்த ‘நெருக்கம்’ பெண்ணோடு பிறந்ததன்று, அவள்மேல் ஏற்றப்பட்டது.

‘அன்னை’ என்ற உருவகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பூமியை உயிருள்ள தாயாகக் கண்ட காலத்தில், அவள் வயிற்றைக் கிழித்துப் பொன் தோண்டுவது பிழை என்று ரோமானிய அறிஞர் பிளினி போன்றவர்கள் எச்சரித்தார்கள். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் இயற்கை ஓர் உயிரற்ற எந்திரமாகக் காணப்படத் தொடங்கியபோது அந்தத் தயக்கம் தளர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் கேரலின் மெர்ச்சன்ட் 1980 ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். ஆகவே அந்த உருவகம் ஒரு காலத்தில் காவலாகவும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தாய் என்பவள் கேட்காமல் தருபவள், கணக்குப் பார்க்காதவள், எத்தனை முறை காயப்படுத்தினாலும் மன்னிப்பவள் என்ற எதிர்பார்ப்பு நீடிக்கும்வரை, பூமியைத் தாய் என்று அழைப்பது, அவளிடமிருந்து எடுத்துக்கொண்டே இருப்பதற்கான அனுமதியாகவும் ஆகிவிடுகிறது. பெண்ணுக்கும் அந்த உருவகத்தால் நன்மையில்லை, பூமிக்கும் இல்லை.

இதற்கு மாற்றான பார்வையைத் தெளிவாக வைத்தவர் பொருளியல் அறிஞர் பீனா அகர்வால். 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையில், ‘பெண்கள்’ என்று எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து இயற்கையின் காவலர்களாக்குவதை அவர் மறுத்தார். விறகும் தண்ணீரும் தீவனமும் சேகரிக்கும் பொறுப்பு யார்மேல் விழுகிறது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, காடு பற்றிய முடிவை யார் எடுக்கிறார்கள் என்பவற்றைப் பார்க்க வேண்டும் என்றார். நிலமற்ற ஏழைப் பெண்ணுக்குக் காடு அழிவது ஒரு நாளில் இரண்டு மணி நேர நடை கூடுவதாகும். அதே ஊரின் வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கு அது அப்படியன்று. இருவருக்கும் உடல் ஒன்றுதான், ஆனால் காட்டோடு உள்ள உறவு வேறு.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977 ஆம் ஆண்டில் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தை இப்படிப் பார்த்தால்தான் புரியும். விறகு கிடைக்கவில்லை, ஓடைகள் வற்றிவிட்டன, உணவு போதவில்லை என்று கிராமப் பெண்கள் சொன்னதிலிருந்தே அந்த இயக்கம் பிறந்தது. நாற்று வளர்த்துப் பிழைக்க வைத்த பெண்களுக்குச் சிறு தொகை வழங்கப்பட்டது. அதாவது அவர்களின் வேலை வேலையாக மதிக்கப்பட்டது. கோடிக்கணக்கான மரங்கள் நடப்பட்டன. 2004 ஆம் ஆண்டில் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன் அரசை எதிர்த்ததற்காக அவர் அடிபட்டதும் சிறை சென்றதும் உண்டு. பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண்களின் அறிவும் துணிவும் திட்டமிடலும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். நீங்கள் பொறியாளர் என்பதால் சொல்கிறேன்: எந்த மண்ணில் எந்த நாற்று நிற்கும் என்று தவறிச் செய்து, திருத்திச் செய்து கற்றுக்கொண்டதும் தொழில்நுட்பம்தான்.

கேள்வி: பாலும் முட்டையும் கூடப் பெண்ணியப் பிரச்சினை என்று ஒரு தோழி சொன்னாள். மிகைப்படுத்துகிறாளா? (கல்லூரி மாணவி)

பதில்: உங்கள் தோழி எதைக் கருதிச் சொன்னார் என்பதை முதலில் செய்திகளாகப் பார்ப்போம். பெருந்தொழிலாக நடக்கும் கால்நடை உற்பத்தியில் பெண் விலங்கின் இனப்பெருக்க உடல்தான் அடிப்படை எந்திரம். பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். எனவே ஈன்ற சில மாதங்களிலேயே சினை ஊசி போட்டு மீண்டும் சினையாக்குகிறார்கள். கன்று பெரும்பாலும் முதல் சில நாள்களுக்குள், பல பண்ணைகளில் முதல் சில மணி நேரத்துக்குள், பிரிக்கப்படுகிறது. இருபது ஆண்டு வரை வாழக்கூடிய விலங்கு, கறவை குறைந்தவுடன் ஐந்து அல்லது ஆறு வயதில் கொல்லப்படுகிறது. கோழிகளின் மூதாதையான காட்டுக்கோழி ஓர் ஆண்டில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து முட்டைகளே இடும். இன்றைய முட்டைக்கோழி ஏறத்தாழ முந்நூறு இடுகிறது. ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து அதன் எலும்பிலிருந்து உருவப்படுவதால் நெஞ்செலும்பு முறிவு அந்தக் கோழிகளிடையே மிகச் சாதாரணம். முட்டையிடாத சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. உலகெங்கும் ஆண்டுக்கு எழுநூறு கோடி அளவில் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. ஜெர்மனி இதை 2022 ஆம் ஆண்டு முதல் தடை செய்தது. சினைப் பன்றியைத் திரும்பிப் படுக்கவும் முடியாத கம்பிக்கூண்டில் அடைத்து வைக்கும் வழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஆம் ஆண்டு முதல், சினைக்காலத்தின் முதல் நான்கு வாரங்களும் ஈனுவதற்கு முந்தைய கடைசி வாரமும் நீங்கலாக, தடுத்திருக்கிறது.

இந்தச் செய்திகளைப் பெண்ணியத்தோடு இணைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க எழுத்தாளர் கேரல் ஆடம்ஸ். தட்டில் இருக்கும் இறைச்சியில், உயிரோடு இருந்த விலங்கு காணாமற்போகிறது. அதன் பெயர்கூட மாறிவிடுகிறது. ஒருவராக இருந்தது ஒரு பொருளாகிறது. விளம்பரத்தில் பெண்ணின் உடல் துண்டு துண்டாகக் காட்டப்படும்போதும், அந்தப் பெண் என்ற ஆள் அதேபோலக் காணாமற்போகிறாள். இந்த இரண்டு மறைவுகளும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன என்று அவர் 1990 ஆம் ஆண்டில் எழுதினார்.

இதை நான் பெருமளவு ஏற்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கையும் தேவை. பண்ணையில் நடப்பதற்குப் பெண்கள்மீதான பாலியல் வன்முறையின் பெயரைச் சூட்டிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வன்முறையை அனுபவித்த பெண், தன் காயம் இன்னொரு வாதத்துக்குப் படிக்கட்டாக்கப்படுவதைக் கேட்டு மீண்டும் புண்படுகிறாள். அடிமை முறையோடு ஒப்பிடும்போதும் இதே தவறு நேர்கிறது. விலங்குகளோடு ஒப்பிட்டே இழிவுபடுத்தப்பட்ட மக்களிடம் சென்று, அந்த ஒப்புமையை இன்னொரு முறை சொல்வது அறமாகாது. இரண்டு துன்பங்களும் ஒன்று என்று நாம் சொல்லத் தேவையில்லை. பயன்படும்வரை வைத்துக்கொள்வது, பயன் தீர்ந்தால் அகற்றுவது, அந்த உயிர் என்ன விரும்பக்கூடும் என்ற கேள்வியையே எழவிடாமல் செய்வது என்ற மனப்போக்கு இரண்டிலும் இயங்குகிறது என்று காட்டினால் போதும். உங்கள் தோழியும் நீங்களும் இதை வைத்து மேலே பேசலாம்.

கேள்வி: விலங்குகளுக்கு நீதி வேண்டும் என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியும்போது, பரிவு, அக்கறை என்று பேசி அதை ஏன் பலவீனமாக்குகிறீர்கள்? உணர்ச்சி நிலையில்லாதது அல்லவா?

பதில்: விலங்குரிமைச் சிந்தனையின் இரு பெரும் நூல்கள் 1975 ஆம் ஆண்டில் பீட்டர் சிங்கரும் 1983 ஆம் ஆண்டில் டாம் ரீகனும் எழுதியவை. இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இருவரும் தங்கள் வாதம் உணர்ச்சியைச் சார்ந்ததன்று என்று வலியுறுத்தினார்கள். சிங்கரின் முன்னுரையில், விலங்குகளை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டே இறைச்சி பரிமாறும் ஒரு பெண்மணி வருகிறார். தாம் அவரைப் போன்ற விலங்குப் பிரியர் அல்லர் என்று சிங்கர் தம்மை வேறுபடுத்திக்கொள்கிறார். 1990 ஆம் ஆண்டில் ஜோசஃபின் டொனோவன் என்ற பெண்ணியத் திறனாய்வாளர் இதைச் சுட்டிக்காட்டி, விலங்குகளுக்காகப் பேசும்போதுகூடப் ‘பெண்தன்மை’ கொண்ட உணர்வைப் பார்த்து ஏன் இந்த அச்சம் என்று கேட்டார்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில், உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்யப்பட்ட ஆய்வுகளுக்கு எதிரான இயக்கத்தைப் பெருமளவு தாங்கியவர்கள் பெண்கள். பிரான்சஸ் பவர் கோப் 1875 ஆம் ஆண்டில் அதற்கென்று ஒரு சங்கம் நிறுவினார். அன்னா கிங்ஸ்ஃபர்டு என்ற பெண், எந்த விலங்கையும் அறுக்காமலே 1880 ஆம் ஆண்டில் பாரிஸில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1903 ஆம் ஆண்டில், லண்டனில் மருத்துவ விரிவுரைகளுக்குச் சென்ற இரு சுவீடன் நாட்டுப் பெண்கள், லிஸி லிண்ட் ஆஃப் ஹாகெபியும் லீசா ஷார்டாவும், பழுப்பு நிற நாய் ஒன்று போதிய மயக்கமின்றி மாணவர்கள் முன் அறுக்கப்பட்டதாகத் தங்கள் குறிப்புகளிலிருந்து எழுதி வெளியிட்டார்கள். ஆய்வு செய்தவர் தொடுத்த அவதூறு வழக்கில் அவரே வென்றார். ஆயினும் அந்த நாய்க்கு 1906 ஆம் ஆண்டில் லண்டனின் பேட்டர்ஸி பகுதியில் சிலை வைக்கப்பட்டது. மறு ஆண்டு மருத்துவ மாணவர்கள் அந்தச் சிலையை உடைக்கக் கூட்டமாகக் கிளம்பினார்கள். வாக்குரிமை கேட்டு நடந்த பெண்களின் கூட்டங்களிலும் புகுந்து கலகம் செய்தார்கள். அந்த மாணவர்களுக்கு நாய்க்காகப் பேசும் பெண்ணும் வாக்குக் கேட்கும் பெண்ணும் ஒருத்தியாகவே தெரிந்தாள். சிலை 1910 ஆம் ஆண்டில் இரவோடிரவாக அகற்றப்பட்டது.

இதில் நான் கவனிப்பது, அந்த இரு பெண்களும் வெறும் கண்ணீரோடு வரவில்லை என்பதே. தேதி போட்டு, பார்த்ததைப் பார்த்தபடி குறிப்பெழுதினார்கள். மற்றவர்கள் பாடமாகப் பார்த்த இடத்தில் அவர்கள் ஒரு நாயைப் பார்த்தார்கள். வழக்கின் முடிவு எதுவாயினும், அப்படிப் பார்ப்பதற்குப் பரிவு தேவைப்பட்டது. பார்த்ததை நிறுவ அறிவும் தேவைப்பட்டது. பரிவை அறிவின் எதிரியாக நிறுத்துவது, உணர்ச்சியைப் பெண்ணுக்கும் அறிவை ஆணுக்கும் பங்கிட்ட பழைய பாகப்பிரிவினைதான். டொனோவன் போன்றவர்கள் சொல்லும் அக்கறையின் அறம், எதிரே இருக்கும் உயிர் தன் உடலாலும் குரலாலும் என்ன தெரிவிக்கிறது என்று கூர்ந்து கவனிப்பதில் தொடங்குகிறது. கவனிப்பு பழகப் பழகக் கூர்மையாகும். உரிமைச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மயக்க மருந்து கொடுக்கப்பட்டதா என்று விசாரிக்கச் சட்டமாவது இருந்தது. ஆனால் அந்த அறையில் அதைக் கவனித்துச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் சட்டம் ஏட்டில்தான் கிடக்கும்.

கேள்வி: விலங்குகளை ‘அஃறிணை’ என்று பிரிக்கும் தமிழில் இந்தச் சிந்தனைக்கு இடம் உண்டா? (தமிழாசிரியர்)

பதில்: அருமையான கேள்வி. ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே’ என்கிறது தொல்காப்பியம். உயர்வு என்ற சொல் அதிலேயே நிற்கிறது என்பதை மறுக்க வேண்டாம். ஆனால் அதே நூலின் மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர்கள் ஒன்பது வரிசையாக வருகின்றன; பிடி, பிணை, மந்தி, பெடை என்று பெண் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் வருகின்றன. எந்தக் குட்டிக்கு எந்தப் பெயர் என்று இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துச் சொன்ன மொழி, அவற்றை நெடுங்காலம் அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும். இலக்கணத்தில் ‘அது’ என்று சொல்வதைவிட, பண்ணைக் கணக்கில் ‘உருப்படி’ என்றும் சேவல் குஞ்சைக் ‘கழிவு’ என்றும் எழுதுவதே எனக்கு அச்சம் தருகிறது.

இன்னொன்றையும் மாணவர்களோடு பேசிப் பாருங்கள். பேச்சுத் தமிழில் பெண்ணைக் குறித்து ‘அந்தப் பொண்ணு வந்துச்சு’ என்கிறோம். அதே வயது ஆணை ‘வந்துச்சு’ என்று சொல்வது அரிது. அதில் சில சமயம் வாஞ்சையும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பெண்ணை அஃறிணை முடிபுக்கு நகர்த்துவது நமக்கு இவ்வளவு எளிதாக வருவதும், ‘பெட்டை’ என்ற வெறும் பெயர்ச்சொல் வசைச்சொல்லாக முடிந்ததும் ஒரு வகுப்பு நேரம் முழுவதும் ஆராயத்தக்கவை. மறுபுறம், தாம் வளர்க்கும் நாயை ‘அவன்’, ‘அவள்’ என்றே அழைக்கிறவர்கள் இலக்கணப் பிழை செய்வதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

கேள்வி: இயற்கையிலேயே ஆண் விலங்குதானே முனைப்பானது, பெண் அடக்கமானது? அறிவியலை எதிர்த்துப் பெண்ணியம் பேச முடியுமா?

பதில்: அறிவியலை எதிர்க்கத் தேவை எழவில்லை, பெண் ஆய்வாளர்கள் அதற்குள் நுழைந்தே திருத்தினார்கள். நீங்கள் சொல்லும் கருத்து டார்வின் 1871 ஆம் ஆண்டில் எழுதியதிலும், மரபியலாளர் பேட்மன் 1948 ஆம் ஆண்டில் பழ ஈக்களை வைத்துச் செய்த ஆய்விலும் வேரூன்றியது. பட்ரிஷியா கோவாட்டியும் அவருடைய குழுவினரும் அந்த ஆய்வை அதே முறையில் மீண்டும் செய்து, எந்த இள ஈ எந்தப் பெற்றோருடையது என்று கணக்கிட்ட வழியிலேயே பிழை இருந்ததை 2012 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பாடும் பறவைகளில் பாடுவது ஆண்தான் என்பதும் இப்படியே நீடித்த நம்பிக்கை. 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தகவல் கிடைத்த இனங்களில் 71 விழுக்காட்டில் பெண் பறவையும் பாடுவதாகக் காட்டியது. அது எப்போதும் பாடிக்கொண்டுதான் இருந்தது. 1960 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் சிம்பன்சிகளை ஆராயத் தொடங்கிய ஜேன் குடால், அவற்றுக்கு எண் கொடுக்காமல் பெயர் வைத்ததற்காகக் கண்டிக்கப்பட்டார். ஒவ்வொன்றையும் தனி ஆளாகப் பார்த்ததால்தான் அவற்றின் உறவுகள் அவருக்குப் புலப்பட்டன.

கேள்வி: வீட்டில் குப்பை பிரிப்பது, துணிப்பை எடுத்துப் போவது, பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது எல்லாம் என் வேலையாகிவிட்டது. செய்யத் தவறினால் குற்ற உணர்வு. இதுவும் சூழலியல் பெண்ணியமா?

பதில்: இல்லை அம்மா. இது பழைய வீட்டுவேலைப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த சில வரிகள். ஆலைக் கழிவுக்கும் மின்னுற்பத்திக்கும் பொறுப்பானவர்களின் பெயரைச் சொல்லாமல், ஒரு சமையலறையின் ஒழுங்கில் உலகத்தின் கதியை ஏற்றி வைப்பது உங்களுக்கு இழைக்கப்படும் அநீதி. செய்வதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் எல்லோர் கையிலும் அதைப் பிரித்துக் கொடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஓய்வெடுத்தாலும் சரி, கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் போய்க் கேட்டாலும் சரி.

கேள்வி: பெயர் வேண்டாம். என்னை அடிப்பவர், நான் வளர்க்கும் நாயையும் அடிக்கிறார். நான் வெளியேறினால் அதைக் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறார். ஒரு நாய்க்காகவா இங்கே இருக்கிறாய் என்று என் உறவினர்கள் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் அறிவற்றவர் அல்லர், தனியாகவும் இல்லை. வளர்ப்பு விலங்கை வதைப்பதும் அதைச் சொல்லி மிரட்டுவதும், துணையை அடக்கி வைக்கும் ஆண்கள் கையாளும் அறியப்பட்ட முறை. விலங்கை விட்டுவிட மனமில்லாமல் வெளியேறுவதைத் தள்ளிப்போட்ட பெண்கள் பலர் என்பதை ஆய்வுகள் பல நாடுகளிலிருந்து காட்டியிருக்கின்றன. அமெரிக்கா 2018 ஆம் ஆண்டில், பாதிக்கப்பட்டவர் தம் விலங்கோடு தங்கக்கூடிய புகலிடங்களுக்கு நிதி ஒதுக்கச் சட்டம் இயற்றியதும் இதை உணர்ந்துதான். விலங்கைத் தாக்குபவர் மனிதரைக் கொடுமையாகத் தாக்கும் அபாயம் கூடுதல் என்பதால் இந்த மிரட்டலை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பகுதியின் பெண்கள் உதவி எண்ணில் பேசும்போது நாயைப் பற்றியும் முதலிலேயே சொல்லுங்கள். நம்பகமான ஒருவரிடமோ விலங்குநல அமைப்பிடமோ அதை முன்கூட்டியே ஒப்படைக்க முடியுமா என்று பாருங்கள். அதன் காயங்களுக்கான கால்நடை மருத்துவரின் சீட்டுகளையும், தடுப்பூசி, உரிமம் ஆகியவை உங்கள் பெயரில் இருக்கும் ஆவணங்களையும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பின்னர் அவை சான்றாகும். வெளியேறும் நாளை அவரிடம் எந்த வகையிலும் தெரிவிக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் கணத்தில் எதற்கும் காத்திராமல் நீங்கள் வெளியேற வேண்டும். உங்களைக் கேலி செய்யும் உறவினர்களிடம் இதைக் காட்டுங்கள்: அந்த வீட்டில் உங்கள்மேல் அன்பு காட்டிய உயிரை அவரிடம் விட்டுவர நீங்கள் மறுப்பது பலவீனமன்று.

கேள்வி: புலி மானைக் கொல்கிறது. இயற்கையே இரக்கமற்றதாக இருக்கும்போது நாம் மட்டும் ஏன் இரங்க வேண்டும்?

பதில்: இதற்கு வாதத்தைவிட ஒரு வாழ்க்கை நிகழ்ச்சி பொருத்தமானது. மேலே குறிப்பிட்ட வால் பிளம்வுட், 1985 ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவில் சிறு படகில் தனியாகச் சென்றபோது உப்புநீர் முதலை ஒன்று அவரைத் தாக்கியது. கரையோர மரத்தைப் பற்றி ஏற முயன்றவரைக் கவ்வி, மூன்று முறை நீருக்குள் சுழற்றியது. மூன்றாம் முறைக்குப் பின் பிடி தளர்ந்தபோது, கிழிந்த காலோடு சேற்றுக்கரையில் ஏறி, மணிக்கணக்கில் ஊர்ந்து, வனக்காவலரால் மீட்கப்பட்டார்.

அதுவரை தத்துவமாகப் பேசியதை அவர் அன்று உடலால் அறிந்தார். மனிதன் உண்பவன் மட்டுமே, ஒருபோதும் உண்ணப்படுபவன் அல்லன் என்ற நினைப்புத்தான், நம்மை உணவுச் சங்கிலிக்கு வெளியே, மேலே நிறுத்தி வைக்கிறது என்று பிற்பாடு எழுதினார். இதனால் அவர் வேட்டையாடுவதையே பாவம் என்று கருதும் சைவ உணவு வாதத்தோடு முரண்பட்டார். ஆடம்ஸ் போன்றவர்களோடு இதில் அவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. உண்பதும் உண்ணப்படுவதும் உயிர்களின் உறவு, ஆனால் எந்த உயிரும் வெறும் இறைச்சி மட்டுமன்று என்பது அவர் நிலை. ஆகவே புலியை அவர் குறை சொல்லவில்லை. ஆலைப் பண்ணையைக் கடுமையாக எதிர்த்தார். புலி மானைக் கூண்டில் அடைத்து, ஆண்டுக்கு ஒரு முறை சினையாக்கி, குட்டியைப் பிரித்து எடுப்பதில்லை. இந்த விவாதத்தில் நான் இன்னும் இரு பக்கமும் மாறி மாறி நின்று யோசிக்கிறேன். ஆனால் ‘இயற்கையே அப்படித்தான்’ என்ற சொல்லால் பண்ணைக் கூண்டுகளை நியாயப்படுத்த முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மீட்டவர்கள் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில், மறுநாள் திரும்பி வந்து ஒரு முதலையைச் சுட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். இரத்தம் வடியக் கிடந்த பிளம்வுட் அதைத் தடுத்தார். அது முதலையின் இடம், உள்ளே நுழைந்தவள் நான், பழிக்காக ஏதோ ஒரு முதலையைக் கொல்வதால் ஒரு நன்மையும் இல்லை என்று அவர்களிடம் உறுதியாகச் சொன்னார்.